வன்கூவருக்கும் சிட்னிக்கும் நடுவில்

மாம்புரியில் வெளிநாட்டுக்குப் புறப்படுகிறவர்கள் இரண்டு பேருக்குத் தெரியாமல் புறப்படப் பார்ப்பார்கள். ஒருவர், பெட்டி வாசலுக்கு வருகிற நேரம் பார்த்து "எங்க பயணம்?" என்று கேட்டுச் சகுனத்தைக் கெடுக்கும் தபால்காரர். மற்றது இராஜேஸ்வரி. தபால்காரர் கேட்டுவிட்டுச் சைக்கிளில் போய்விடுவார். இராஜேஸ்வரி பார்சலோடு வருவாள்.

ஆள் போகிற செய்தி அவளுக்கு எப்படித்தான் கிடைக்கிறது என்று பலரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. மதுரங்குளிச் சந்தியில் விமானச் சீட்டுப் போடும் கடை வைத்திருந்த நஜாத்துக்கு அவள் இடிக்கும் கூனி இறால் சம்பல் என்றால் உயிர். கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ யாராவது சீட்டுப் போட்டால், சம்பல் போத்தல் போன மறுநாள் செய்தி வந்துவிடும். சிலாபத்து எமிலியா ரீச்சர் மகளின் பிள்ளைப்பேற்றுக்கு வன்கூவர் போனபோது சொந்தத் தங்கைக்குக்கூட மூச்சு விடவில்லை. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர் கேற்றைத் திறந்தால் இராஜேஸ்வரி நிற்கிறாள்.

"ரீச்சர் போறியளாம் எண்டு கேள்விப்பட்டன். சின்னச் சாமான்தான்."

சின்னச் சாமான் ஒரு பெரிய பால்மா ரின்.

ஆனாலும் பார்சல் கட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்பதைச் சுமந்து போனவர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். பாரைக் கருவாட்டை நன்றாகக் காயவைத்துத் துண்டு துண்டாகப் பொலித்தீனில் சுற்றுவாள். அதைச் சுற்றி வறுத்த கோப்பித்தூளை நிரப்பி, மூடியைப் பிளாஸ்ரரால் ஒட்டிவிடுவாள். பெட்டியைத் திறந்தால் கோப்பிதான் மணக்கும். கருவாடு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாது. கடைசியில் ரின்னை நைலோன் வலைநூலால் வரிந்து, கிழிந்த வலை பொத்துகிறவர்கள் போடும் முடிச்சைப் போடுவாள். அதைக் கையால் அவிழ்த்தவர் எவருமில்லை, கத்தி வேண்டும்.

நூலின் நிறத்திலும் ஒரு கணக்கு இருந்தது. கடலில் இரண்டு பேரின் வலைகள் சிக்கிக்கொண்டால் கரையில் வந்து ஒருவரோடு ஒருவர் அடிபடாமல் இருப்பதற்காக, அவளுடைய ஊர்ப் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டாரும் வலையின் ஓரத்தில் தங்களுக்கென்று ஒரு நிற நூலைக் கோத்து வைப்பார்கள். இராஜேஸ்வரியின் தகப்பன் வீட்டு நிறம் சிவப்பு. புருஷன் குலசேகரத்தின் வீட்டு நிறம் நீலம். வள்ளமும் வலையும் போன பிறகு நிறங்கள் இரண்டும் அவளிடம் மிஞ்சின. சிவப்பை வன்கூவரில் இருக்கும் மகன் றஜீவனுக்கு வைத்தாள். நீலத்தைச் சிட்னியில் இருக்கும் மகள் கஜலக்ஷ்மிக்கு வைத்தாள். நீல நூல் கட்டிய ரின்னில் மிளகாய்த்தூள் மட்டும்தான் இருக்கும். சிட்னியில் இறங்குகிற இடத்தில் கருவாட்டை மணந்து பிடிக்கவென்றே நாய் வளர்க்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அந்த நாய்க்குப் பயந்து பத்து வருடமாக மகளுக்கு ஒரு கருவாட்டுத் துண்டுகூட அவள் அனுப்பவில்லை.

இராஜேஸ்வரி முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, அங்கேயே கலியாணம் முடித்து, சண்டைக்காலத்தில் புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் புத்தளம் பக்கம் வந்தவள். சண்டை ஓயும் மட்டும் மாம்புரியில் இருப்போம் என்றுதான் வந்தார்கள். அது ஓய்வதற்கிடையில் குலசேகரம் ஒரு கல்வீடு கட்டினான், பத்துத் தென்னை வைத்தான், அவை காய்த்தன, மகன் கனடாவுக்குப் போனான், மகள் சிட்னி மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு போனாள். சண்டை முடிந்து காணிகள் விடுபட்டதும் கூட வந்த குடும்பங்கள் லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டு திரும்பிப் போயின. குலசேகரமும் போவதாகத்தான் இருந்தான். அதற்குள் செத்துப்போனான்.

செத்தது ஒரு புதன்கிழமை. சிட்னியிலிருந்து கஜலக்ஷ்மி வியாழக்கிழமை வந்து இறங்கிவிட்டாள். றஜீவன் வன்கூவரிலிருந்து ரெலிபோன் எடுத்து, "வெள்ளி பின்னேரம் நிப்பன். கொள்ளிய வேற ஆரும் வைக்கக்கூடாது," என்றான். அவன் பறக்கிற நேரத்தை மட்டும் கூட்டிப் பார்த்தான், காத்திருக்கிற நேரத்தை விட்டுவிட்டான். வழியில் ஏதோ ஒரு நாட்டில் பனி கொட்டி, அவன் ஏறவேண்டிய விமானம் அவனை விட்டுவிட்டுப் போயிற்று. இங்கே பந்தலுக்குக் கீழே இருந்த பெரியவர்கள் பொழுதைப் பார்த்தார்கள். வெள்ளி கடந்தால் சனி, சனிக்கிழமையில் பிணம் எடுக்க அவர்களுக்குப் பயம். எல்லோரும் கஜலக்ஷ்மியின் முகத்தைப் பார்த்தார்கள். "எடுங்கோ," என்றாள் அவள். குலசேகரத்தின் தம்பி மகன் அனுசன் கொள்ளி வைத்தான். றஜீவன் சனிக்கிழமை காலை வந்து இறங்கியபோது சாம்பல் ஆறியிருந்தது.

அவன் அக்காவைப் பார்த்து ஒரே ஒரு வசனம் சொன்னான்.

"உனக்கு ஒரு நாள் பொறுக்கேலாமப் போச்சு, என்ன?"

அவளும் ஒரே ஒரு வசனம் சொன்னாள்.

"உனக்கு எட்டு வருஷமா வரேலாமப் போச்சு, என்ன?"

அதோடு இரண்டு பேரும் கதையை விட்டார்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து, ஒரே நாளில், ஒரே விமான நிலையத்துக்கு, இரண்டு வான் பிடித்துப் போனார்கள். அதற்குப் பிறகு தாயைப் பார்க்க வந்தாலும், ஒருவர் வருகிற வருடம் மற்றவர் வராமல் பார்த்துக்கொண்டார்கள். தாயைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி இரண்டு பேரும் கேட்டார்கள். அனுசன் முல்லைத்தீவுக்கு வரச்சொன்னான். இராஜேஸ்வரி ஒருவரிடமும் போகவில்லை. தான் ஒருவரிடம் போய் இருந்தால் மற்றவர் விட்டுப்போவார் என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தான் கண்ணை மூடினால் இந்த இரண்டும் ஒரு வயிற்றில் பிறந்ததே இல்லை என்று ஆகிவிடும் என்று பயந்தாள். ஆகவே இடையில் இருப்பது என்று தீர்மானித்தாள். ஊரில் கேட்டவர்களிடமும் அப்படியே சொன்னாள்.

இடை என்று அவள் சும்மா சொல்லவில்லை, அதற்குப் படம் இருந்தது. நஜாத்தின் கடை கொடுத்த கலண்டரில் மாதங்களுக்கு மேலே உலகப்படம் போட்டிருந்தது. வருடம் முடிந்த பிறகும் மாதங்களைக் கிழித்துவிட்டுப் படத்தைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அவள் மாட்டி வைத்திருந்தாள். இடது பக்கத்துக் கரையில், மேலே, வன்கூவர். வலது பக்கத்துக் கரையில், கீழே, சிட்னி. இரண்டுக்கும் இடையில் இலங்கை, கண்ணீர்த்துளி அளவில். வன்கூவரிலிருந்து புறப்படுகிற எவனும் சிட்னிக்குப் போகவேண்டுமென்றால் தன் தென்னைகளுக்கு மேலால்தான் போகவேண்டும் என்பது அவளுக்கு வெளிச்சமாகத் தெரிந்தது. என்றைக்காவது ஒரு நாள் மனம் மாறி ஒருவர் மற்றவரைத் தேடிப் புறப்பட்டால், வழியில் இறங்கி அம்மா கையால் ஒரு வாய் சோறு தின்றுவிட்டுத்தான் போவார்கள். அந்த நாளுக்காக அவள் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கிட்டவே இருந்தாள். முல்லைத்தீவுக்குப் போகாததற்கும் காரணம் அதுதான். அங்கேயிருந்து விமான நிலையம் எங்கே கிடக்கிறது!

வேலையும் இருந்தது. காலையில் அவள் தேத்தண்ணீர் குடிக்கிற நேரம் வன்கூவரில் முதல்நாள் இரவுச் சாப்பாட்டு நேரம். பின்னேரம் கிணற்றடியில் இருக்கிற நேரம் சிட்னியில் இரவுச் சாப்பாட்டு நேரம். மகன் நேற்றிலிருந்து கதைப்பான், மகள் இரவிலிருந்து கதைப்பாள். இன்றைக்கு என்று இருந்தவள் இவள் ஒருத்திதான்.

"அங்க என்னவாம்?" என்பான் றஜீவன். அக்காவின் பெயர் அவன் வாயில் வராது, அவள் அவனுக்கு 'அங்க'.

"உங்கட மகன் என்ன சொல்லுறார்?" என்பாள் கஜலக்ஷ்மி.

இவற்றை அப்படியே காவிக்கொண்டு போக இராஜேஸ்வரிக்கு என்ன விசரா? 'அங்க என்னவாம்' என்பது பின்னேரம் கிணற்றடியில், "தம்பி உன்னைச் சுகம் கேட்டவன்," என்று ஆகும். "கேட்டாக் கேக்கட்டும்," என்று மகள் சொன்னது மறுநாள் காலை, "அக்கா கேட்டு நல்லாச் சந்தோஷப்பட்டவ," என்று ஆகும். கஜலக்ஷ்மிக்கு யதுர்சிகா பிறந்த செய்தியைச் சொன்னபோது றஜீவன் "ம்" என்றான். "தம்பிக்குச் சந்தோஷத்தில கதையே வரேல்ல," என்று அது சிட்னிக்குப் போயிற்று. தனக்கு மூட்டு நோவுக்கென்று மகள் அனுப்பிய விற்றமின் குளிசைகளை, அக்கா உனக்கென்று அனுப்பினவ என்று மகனுக்கு அனுப்பினாள். தனக்கென்று மகன் அனுப்பிய சொக்லேற்றை, மாமா அனுப்பினவர் என்று பேத்திக்கு அனுப்பினாள். பத்து வருடத்தில் அவள் சொல்லாத பொய் இல்லை. ஒன்றுக்காவது வெட்கப்பட்டதும் இல்லை. மூட்டு நோவை அவள் சும்மா பொறுத்துக்கொண்டாள்.

இப்படியிருக்க, எமிலியா ரீச்சர் போய் ஒரு மாதம் கழித்து, ஒரு பின்னேரம் யதுர்சிகா வீடியோவில் வந்தாள். புதிதாக வாங்கிய சப்பாத்தை அம்மம்மாவுக்குக் காட்டவேண்டுமென்று குசினிக்குள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சப்பாத்து தெரியவில்லை. அலுமாரித் தட்டு தெரிந்தது. தட்டில் சோறு சமைக்கும் பானைக்குப் பக்கத்தில் ஒரு பால்மா ரின் இருந்தது. ரின்னைச் சுற்றிச் சிவப்பு நூல்.

"பிள்ளை, ஆடாம நில்லு," என்றாள் இராஜேஸ்வரி.

பிள்ளை நின்றாள். முடிச்சு தெரிந்தது. மூடி இன்னும் திறபடவில்லை. எமிலியா ரீச்சரின் கையில் கொடுத்து வன்கூவருக்கு அனுப்பிய அதே ரின்தான். இராஜேஸ்வரி சப்பாத்து வடிவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

முதலில் எமிலியா ரீச்சர் மேல் சந்தேகம் வந்தது. ஆனால் ரீச்சர் வன்கூவரில் பேரப்பிள்ளையோடு பனிக்குள் நிற்கும் படம் சிலாபம் முழுக்கச் சுற்றியிருந்தது. ரின்னும் போய்ச் சேர்ந்தது என்று றஜீவனே சொல்லியிருந்தான். அப்படியென்றால் அதைச் சிட்னிக்குக் கொண்டுபோனவன் அவன்தான். அக்காவைத் தேடிப் போயிருக்கிறான்!

இந்த நினைப்பு வந்ததும் அவள் எழுந்து சாமிப் படத்துக்கு முன்னால் போய்க் கைகூப்பினாள். கும்பிட்ட கை கீழே இறங்க முன்னர் பக்கத்துப் படம் கண்ணில் பட்டது. இடது கரையிலிருந்து வலது கரைக்கு விரலை வைத்துப் பார்த்தாள். விரல் இலங்கையின் மேலால் போயிற்று.

கட்டுநாயக்காவுக்கு வந்திருக்கிறான். வந்து, அங்கே இருந்து விமானம் மாறி ஏறிப் போயிருக்கிறான். மூன்று மணித்தியாலப் பஸ் பயணத்தில் தாய் இருக்கிறாள். ஏறி வந்து ஒரு முகம் பார்க்கவில்லை.

இராஜேஸ்வரி அன்றைக்குச் சமைக்கவில்லை. மறுநாள் காலை றஜீவன் எடுத்தான். "அங்க என்னவாம்?" என்று வழமைபோலக் கேட்டான். ஒரு மாற்றமும் இல்லாத அதே குரல்.

"அங்க சுகமாம்," என்றாள். பத்து வருடத்தில் முதல் தடவையாக ஒரு சொல்லும் கூட்டாமல் சொன்னாள். அவனுக்கு அது விளங்கவில்லை. அவள் போனை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்து அழுதாள். புருஷன் செத்ததற்குக்கூட இப்படி அழவில்லை. அது அவன் விரும்பிச் செய்த காரியம் இல்லையே.

மூன்றாம் நாள் மதுரங்குளிக்குப் பஸ் ஏறினாள். நஜாத் கொம்பியூற்றருக்குப் பின்னால் இருந்தான். அவளுடைய கையில் போத்தல் இல்லாததை முதலில் பார்த்தான், முகத்தைப் பிறகு பார்த்தான்.

"வாங்க அக்கா, இரிங்க. என்ன இது, முகமெல்லாம் வீங்கிக் கெடக்குது?"

"தம்பி நஜாத், ஒண்டு பாத்துச் சொல்லு. வன்கூவரில இருந்து சிட்னிக்குப் போற ஆள் கட்டுநாயக்காவில எத்தின மணித்தியாலம் நிக்கவேணும்? வெளியால வர விடுவாங்களோ?"

நஜாத் அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு கொம்பியூற்றரில் தட்டினான். இரண்டு ஊர்களின் பெயரைக் கொடுத்தால் இடையில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று சொல்கிற ஏதோ ஒரு பக்கம் அவனிடம் இருந்தது.

"பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றர் காட்டுது. பதினைஞ்சு பதினாறு மணித்தியாலம். கட்டுநாயக்காவுக்கு என்னத்துக்கு அக்கா வாறது? டைரக்ட் பிளேன் இரிக்கி. அங்க ஏறினா அங்க எறங்கலாம்."

"காத்திருக்கிற நேரம்?"

"காத்திருக்கிற கதையே இல்ல."

"சரி, நிக்காமப் போகட்டும். எங்களுக்கு மேலாலதானே போகும்?"

"இல்லக்கா."

"அதெப்படிப் போகாம விடும்? படத்தில நான் பாத்தனான்."

நஜாத் வாயால் விளங்கப்படுத்திப் பார்த்தான். உலகம் உருண்டை என்றான். அது தனக்கும் தெரியும் என்றாள். பசுபிக் கடல் என்றான். படத்தில் அப்படி ஒரு கடல் இரண்டு கரையிலும் துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது என்றாள். கடைசியில் அவன் எழுந்து சுவரிலிருந்த இந்த வருடக் கலண்டரைக் கழற்றினான். மாதங்களைப் பின்பக்கம் மடித்துவிட்டு, படத்தைக் குழலாகச் சுருட்டி, இடது கரையை வலது கரையோடு ஒட்டிப் பிடித்தான். வன்கூவரும் சிட்னியும் ஒரு பக்கத்துக்கு வந்து, மேலும் கீழுமாக நின்றன. இடையில் வெறும் நீலம்.

"இதால போறது," என்று அந்த நீலத்தில் விரலால் கோடு இழுத்தான்.

இராஜேஸ்வரி குழலை வாங்கிப் பார்த்தாள். வன்கூவர் இருந்தது, சிட்னி இருந்தது. "நாங்க எங்க?" என்று கேட்டாள்.

நஜாத் குழலைத் திருப்பினான். இலங்கை பின்பக்கத்தில் இருந்தது.

அவள் குழலைத் தானே ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். மகன் தன்னைக் கடந்து போகவில்லை என்பது முதலில் நெஞ்சுக்குள் இறங்கியது. பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் தீர முன்னரே மற்றது இறங்கியது. அவனுக்குக் கடந்து போகவேண்டிய தேவையே இருக்கவில்லை. பத்து வருடமாகத் தான் காவல் இருந்த வழியால் யாரும் வருவதில்லை. நஜாத் அடுத்த கடையில் தேத்தண்ணீருக்குச் சொன்னான். அவள் குடித்துவிட்டு, சீனி காணாது என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறினாள்.

அன்று பின்னேரம் சிட்னிக்கு அவளே எடுத்தாள்.

"கஜா, குசினித் தட்டில இருக்கிற ரின்னைக் கொண்டு வா."

"எந்த ரின் அம்மா?"

"சிவப்பு நூல் கட்டினது."

போனில் பெருமூச்சு ஒன்று கேட்டது. கஜலக்ஷ்மி மழுப்பத் தெரியாதவள். சின்ன வயதிலும் பிடிபட்டால் உடனே ஒப்புக்கொள்கிற பிள்ளை.

"அவன் போன கிழமை வந்திட்டுப் போனவன் அம்மா."

"எத்தினையாம் தரம்?"

"மூண்டாம் தரம்."

முதல் தரம் வந்தது இரண்டு வருடத்துக்கு முன்னராம். கஜலக்ஷ்மிக்கு வயிற்றில் ஒரு ஒப்பரேஷன். அதைத் தாய்க்குச் சொல்லவில்லை. பயந்துபோன மருமகன் யாரையும் கேட்காமல் மைத்துனனுக்கு ரெலிபோன் எடுத்துவிட்டான். அடுத்த நாளே றஜீவன் விமானம் ஏறிவிட்டான்.

"வந்து கட்டிலடியில இருந்தான் அம்மா. என்ன கதைக்கிறதெண்டு எனக்கும் தெரியேல்ல, அவனுக்கும் தெரியேல்ல. பிறகு சொன்னான், 'அக்கா, நீ அனுப்பின விற்றமின் ஒண்டும் நான் குடிக்கேல்ல. கோவத்தில எறிஞ்சு போட்டன். என்னை மன்னிச்சுக்கொள்' எண்டு. நான் எங்க அவனுக்கு விற்றமின் அனுப்பினன்? நான் உங்கட மூட்டுக்கெல்லோ அனுப்பினனான்! பிறகு நான் சொன்னன், 'நீ பிள்ளைக்குச் சொக்லேற் அனுப்பினாய்தானே' எண்டு. அவன் முழிக்கிறான். அப்பிடியே ஒவ்வொண்டாக் கேட்டுப் பாத்தம் அம்மா. அவனுக்குக் காய்ச்சல் எண்டு நான் அழுதனாம். நான் எப்ப அழுதன்? எனக்கு வயித்தில தையல், சிரிக்கவும் ஏலாது. நேர்ஸ் வந்து பேசிப்போட்டுப் போறா. ரெண்டு பேரும் சிரிச்சுச் சிரிச்சு, பிறகு அழுதம்."

இராஜேஸ்வரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தாள். கிணற்றடிக் கல் சூடாக இருந்தது. தென்னைக்கு மேலால் ஏதோ ஒரு விமானம் போயிற்று, எங்கே போகிறதோ.

"எறிஞ்சு போட்டானாமோ?" என்றாள்.

"ஓம் அம்மா."

"நல்ல விலைச் சாமான்."

"அம்மா, உங்களுக்குச் சொல்லாம விட்டது வேணுமெண்டில்ல. நீங்க அந்த வீட்டில இருக்கிறதே எங்களைச் சேத்து வைக்கத்தான் எண்டு தம்பிக்குத் தெரியும். சேந்திட்டம் எண்டு சொன்னா, இனி எனக்கென்ன வேலை எண்டு படுத்திடுவா எண்டு பயந்தவன். அதுதான் விட்டம். 'அங்க என்னவாம்' எண்டு கேக்கிறதுக்கு முதல் எனக்கு எடுத்து, 'இண்டைக்கு அம்மா என்ன சொல்லுவா பாப்பம்' எண்டு சொல்லிப்போட்டுத்தான் உங்களுக்கு எடுக்கிறவன்."

"நான் படுக்கிற ஆளோடி?" என்று இராஜேஸ்வரி சத்தம் போட்டாள். பக்கத்து வளவில் கோழி பறந்தது. "ரெண்டு பேரும் சேந்து என்னைப் பேக்காட்டினனீங்கள்! கருவாட்டுக்கு அந்த நாய் என்ன சொன்னது?"

"அவன் அதிகாரியிட்டத் திறந்து காட்டட்டோ எண்டு கேட்டவன். வேண்டாம், கொண்டு போ எண்டவங்களாம்."

அவள் போனை வெட்டிவிட்டாள். அவளுக்குக் கோபம் வந்தது, சந்தோஷமும் வந்தது. எது கூட என்று கேட்டால் கோபம்தான் கூட என்று அப்போது சொல்லியிருப்பாள். பத்து வருடத்துப் பயம் ஒன்று நெஞ்சிலிருந்து கழன்று போயிருந்தது. அது இருந்த இடத்தில் என்ன வைப்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையும் வழமைபோல எழுந்து தேத்தண்ணீர் ஊற்றினாள். றஜீவன் எடுத்தான். அக்கா எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள்போல, இந்த முறை அவன் 'அங்க' என்று தொடங்கவில்லை. மூக்கை உறிஞ்சினான்.

"தின்னாம எறியிறதெண்டா எனக்குச் சொல்லியிருக்கலாம். என்ர மூட்டுக்காவது உதவியிருக்கும்," என்றாள். பிறகு, "அக்காவுக்கு இப்ப வயிறு சுகமோ?" என்று அவனைக் கேட்டாள். மகளின் சுகத்தை மகனிடம் கேட்பது அதுதான் முதல் தடவை. அவன் ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான்.

ஒரு கிழமை கழித்து நஜாத்தின் கடைக்கு மறுபடியும் போனாள். இந்த முறை போத்தல் இருந்தது.

"எனக்கொரு சீட்டுப் போடு தம்பி. இஞ்சயிருந்து சிட்னி. அங்கயிருந்து வன்கூவர். அந்த டைரக்ட் பிளேன்."

"வன்கூவருக்குப் போறதுக்கு இங்கால சுத்தி வேற பாதை—"

"எனக்கு அந்தப் பாதைதான் வேணும். எங்களுக்கு மேலால போகாத பாதை."

விசா என்று நஜாத் அவளை ஆறு மாதம் அலைக்கழித்தான். அதிலும் ஒரு நன்மை இருந்தது. ஆறு மாதமும் சம்பல் இடிக்கிற வேலை இருந்தது. சிட்னியில் பகலில் ஏறினால் வன்கூவரில் அதே நாள் காலையில் இறங்கலாம், அதாவது ஏறின நேரத்துக்கு முன்னரே போய்ச் சேரலாம் என்று அவன் சொன்னபோது, இவன் தன்னை இன்னும் பேக்காட்டுகிறான் என்று நினைத்தாள். ஆனால் வாதிடவில்லை. உருண்டை விஷயத்தில் ஒருமுறை தோற்றது போதும்.

புறப்படுவதை அவள் ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. காரணம் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் இரண்டு நாள் முன்னர் கேற்றில் நுரைச்சோலை றுக்கியா நின்றாள். அவளுடைய மகன் சிட்னியில் படிக்கிறவன்.

"போறீங்களாம் எண்டு நஜாத் சொன்னான். சின்னச் சாமான்தான்," என்றாள் றுக்கியா.

இராஜேஸ்வரி வாங்கிக்கொண்டாள். வேறு எந்த முகத்தோடு மறுப்பது? பெட்டி வாசலுக்கு வந்த நேரம் தபால்காரரும் வந்தார். "எங்க பயணம்?" என்றார். "மக்களிட்ட," என்றாள். பன்மையில் சொல்ல அவளுக்கு நன்றாக இருந்தது.

சிட்னியில் ஒரு மாதம் இருந்தாள். புறப்படுகிற அன்று கஜலக்ஷ்மி தாயின் கையில் ஒரு பார்சலைத் தந்தாள்.

"தம்பிக்கு. இது நான்தான் அனுப்புறன் எண்டு சொல்லுங்கோ. உண்மையாவே நான்தான்."

பார்சல் வலைநூலால் கட்டியிருந்தது. சிவப்பும் நீலமும் சேர்த்துத் திரித்திருந்தாள். இவ்வளவு வருடமும் வெட்டிய நூல்களை எறியாமல் வைத்திருக்கிறாள். முடிச்சுத்தான் சரியில்லை. இராஜேஸ்வரி விமான நிலையத்துக் கதிரையில் இருந்து அதை அவிழ்த்து, ஒழுங்காகப் போட்டாள்.

விமானத்தில் அவளுக்கு முன்னால் ஒரு சின்னத் திரை இருந்தது. அதில் படம் ஓடியது. பக்கத்தில் இருந்தவர்கள் சினிமா பார்த்தார்கள், அவள் அந்தப் படத்தைப் பார்த்தாள். கீழே சிட்னி, மேலே வன்கூவர், இடையில் நீலம். இலங்கையைத் தேடினாள். கரைகளிலெல்லாம் தேடினாள். இல்லை. யன்னல்களை மூடிவிட்டிருந்தார்கள், வெளியே பகலா இரவா, இன்றைக்கா நேற்றைக்கா என்று அங்கே யாருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை. கடல் கீழே இருந்தது. கடலைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

சாப்பாடு வந்து போயிற்று. மறுபடியும் திரையைப் பார்த்தபோது, வந்த நேரம் ஏழு மணித்தியாலம் என்றும் இருக்கிற நேரம் ஏழு மணித்தியாலம் என்றும் போட்டிருந்தது. இலக்கம் அவளுக்கு விளங்கும். வெள்ளை நிறத்தில் சின்னதாக ஒரு விமானம் நீலத்தின் நட்டநடுவில் நின்றது. அதற்குள் தான் இருக்கிறாள் என்பதை யோசிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஒரு பக்கத்தில் மகள், மறு பக்கத்தில் மகன், நடுவில் அவள். பத்து வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது கடைசியில் சரியாகத்தான் வந்திருக்கிறது.

இராஜேஸ்வரி பார்சலை மடியில் வைத்துக்கொண்டாள். அதோடு சேர்த்துச் சொல்ல ஒரு பொய்யும் கைவசம் இல்லை, தேவையும் இல்லை. நடுவில் இருக்கிறவளுக்கு இனி ஒரு வேலையும் இல்லாதபடியால், அவள் நித்திரை கொண்டாள்.